நூலகச் சுவரில் பலகையைத் திரும்ப மாட்டுங்கள்: வார்டு கவுன்சிலருக்கும் வார்டு குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

கவுன்சிலர் அவர்களுக்கும் வார்டு குழு உறுப்பினர்களுக்கும்,

இனிமேல் வார்டு அறிவிப்புகள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும்தான் வரும், நோட்டீஸ் அடிக்கப் போவதில்லை, ஒலிபெருக்கி வண்டி வராது, நூலகச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையும் திரும்ப வராது என்று போன கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள். இந்த முடிவை அறிவித்ததும் அதே வாட்ஸ்அப் குழுவில்தான். நான் அந்தக் குழுவில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் தன் போனை நீட்டிக் காட்டியதால் எனக்குத் தெரிந்தது. நான் ஏன் குழுவில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மடலின் ஆங்கிலப் படியை வார்டு அலுவலகத்தில் கொடுத்து, கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்திருக்கிறேன். தமிழில் எழுதுவது, நம் வார்டில் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால். சனிக்கிழமை காலையில் கோவில் மண்டபத்தில் நான் நடத்தும் வகுப்பில் உங்களில் சிலரே சின்ன வயதில் வந்து உட்கார்ந்தவர்கள்தான். ஆகவே விளங்கவில்லை என்று சொல்ல மாட்டீர்கள்.

முதலில் படிக்கட்டுச் சந்து. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிற எங்கள் சாட்ஸ்வொர்த்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் மேடும் பள்ளமுமானது. ஒரு தெரு மேலே ஓடும், அடுத்த தெரு அதற்குக் கீழே ஓடும், நடுவில் வீடுகளின் பின்புறங்களுக்கு இடையே சிமெண்ட் படிக்கட்டு ஒன்று இறங்கும். பஸ் கீழ்த்தெருவில்தான் நிற்கும். கிளினிக்குக்கும் கீழ்வழியாகத்தான் போக வேண்டும். படிக்கட்டு இல்லையென்றால் தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு, வளைவில் நடைபாதையே இல்லாத இடத்தில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். இளவட்டங்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். முட்டி தேய்ந்தவர்களுக்கு அரை நாள் போய்விடும்.

அந்தச் சந்தின் இரண்டு முனையிலும் ஒருநாள் காலையில் இரும்புக் கதவு நின்றது. பச்சைப் பெயிண்ட் கூட இன்னும் காயவில்லை. கை வைத்தவர்கள் எல்லார் கையிலும் பச்சை. பூட்டு போட்டிருந்தது. சாவி யாரிடம் என்று எழுதியிருக்கவில்லை. எதிர் வீட்டு ஆயாவுக்கு அன்று கிளினிக்கில் மாத மருந்து வாங்க வேண்டிய நாள். மருந்து அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் ஜெயிலுக்கு உள்ளே நிற்கிறேனா வெளியே நிற்கிறேனா, சொல்லு" என்று என்னிடம் கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். ஆனால் பஸ் போய்விட்டது, அன்று மருந்தும் இல்லை.

விசாரித்தபோது உங்களில் ஒருவர் சொன்ன பதில்: "குழுவில் போட்டோமே, வாக்கெடுப்பும் வைத்தோமே." அந்த வாக்கெடுப்பைப் பிறகு பார்த்தேன். ஒரு இரவு தொடங்கி மறுநாள் மதியத்துக்குள் முடிந்திருக்கிறது. ஆமாம் என்று கட்டைவிரல் காட்டியவர்களில் பெரும்பாலோர் கீழ்த்தெருக்காரர்கள். மேல்தெருவில் அந்தக் குழுவில் இருக்கிறவர்களே கொஞ்சம். சந்து வழியாகத் தினமும் நடக்கிற வயதானவர்கள், வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், மேட்டுக்கு அந்தப் பக்கம் தகர வீடுகளில் இருக்கிற ஜூலுக் குடும்பங்களின் பள்ளிப் பிள்ளைகள், இவர்களில் ஒருவரும் குழுவில் இல்லை. சந்தைப் பயன்படுத்துகிறவர்களைக் கேட்காமல் சந்துக்கு வாக்கெடுப்பு நடந்திருக்கிறது.

கதவே கூடாது என்பது என் வாதம் இல்லை. சந்தில் இருட்டிய பிறகு நடந்தது எல்லாம் எனக்கும் தெரியும். சுகர்ஸ் என்கிற போதைப்பொருள் பழக்கத்தில் விழுந்த பையன்கள் அங்கே உட்கார்ந்திருந்ததும், கீழ்த்தெரு வீடுகளில் பின்பக்கச் சுவரேறித் திருடியதும், ஒரு தாயின் தங்கச் சங்கிலி போனதும் பொய் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் பயந்துதான் கதவு கேட்டார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லாரையும் ஒரு சாயங்காலம் மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசியிருந்தால், இரவு ஏழு மணிக்குப் பூட்டு, காலை ஐந்துக்குத் திற, சாவி மேல்தெருவில் ஒரு வீட்டிலும் கீழ்த்தெருவில் ஒரு வீட்டிலும் இருக்கட்டும், ஒரு விளக்கும் போடு என்று ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். நம் ஜனங்கள் அவ்வளவு மோசம் இல்லை. கத்துவார்கள், அப்புறம் டீ குடித்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1998ஆம் ஆண்டின் முனிசிபல் ஸ்ட்ரக்சர்ஸ் சட்டம்தான் வார்டு குழு என்ற அமைப்பைத் தந்தது. கவுன்சிலர் தலைவர், கூடப் பத்து உறுப்பினர்கள் வரை. வார்டு விஷயங்களில் கவுன்சிலருக்கும், அவர் வழியாக நகரசபைக்கும் பரிந்துரை செய்யலாம் என்பதே அந்தச் சட்டம் குழுவுக்குத் தரும் வேலை. அதற்கு மேல் அதிகாரம் வேண்டுமென்றால் நகரசபை கொடுத்திருக்க வேண்டும். பொதுவழிக்குப் பூட்டுப் போட நகரசபை உங்களுக்கு அதிகாரம் கொடுத்ததா? கொடுத்திருந்தால் அந்தத் தாளைக் காட்டுங்கள். நான் கேட்டபோது யாரும் காட்டவில்லை.

அடுத்தது தண்ணீர். குழாயில் தண்ணீர் நிற்பது உங்கள் குற்றம் இல்லை, அதை இந்த மடலில் இழுக்கவும் போவதில்லை. குழாய் நின்றால் டாங்கர் வருகிறது. எங்கே, எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் விஷயம். அதைச் சொல்வது உங்கள் வேலை. கடைசியாகத் தண்ணீர் நின்றபோது பள்ளிக்கூட வாசலுக்கு மாலை ஐந்து மணிக்கு டாங்கர் வரும் என்று நாலரைக்குக் குழுவில் போட்டிருக்கிறீர்கள். போனில் டேட்டா இருந்தவர்கள் வாளியும் இருபது லிட்டர் கேனுமாக ஓடினார்கள். மாதக் கடைசி அது. பென்ஷன் பணத்தில் இருக்கிறவர்கள் வீட்டில் அப்போது டேட்டா எங்கே இருக்கும்? எங்கள் வரிசையில் பல வீடுகளுக்கு டாங்கர் வந்து போன சேதி அது போன பிறகுதான் எட்டியது.

2022 ஏப்ரலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 11ஆம் தேதி இரவு கொட்டிய மழையில் நம் குவாசுலு நேட்டால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். வீடுகள் மண்ணோடு சரிந்தன, பாலங்கள் போயின. டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போனதில் அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் இருந்தது. நம் பக்கத்தில் அப்போது மின்சாரம் இல்லை, பல பேர் போன் அணைந்து கிடந்தது. ஆனாலும் எந்தத் தெருவில் சாப்பாடு, எங்கே தண்ணீர், எந்த மேடு இன்னும் சரிகிறது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்தது. கோவில் பையன்கள் பக்கி என்கிற திறந்த சரக்கு வண்டி ஒன்றின் பின்னால் நின்று, தேர் நாளில் பிடிக்கிற அதே ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே போனார்கள். ஆங்கிலத்தில் ஒருவன், ஜூலுவில் ஒருவன். பள்ளிவாசல்காரர்கள் தங்கள் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். அந்த வண்டி இன்னும் ஓடுகிறது, பையன்களும் இங்கேதான் இருக்கிறார்கள். அதை வேண்டாம் என்று தீர்மானம் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மீட்டர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 24க்குள் பிரீபெய்ட் மின் மீட்டர்கள் எல்லாவற்றிலும் புதிய குறியீடு ஏற்ற வேண்டும், ஏற்றாத மீட்டர் அதற்குப் பிறகு மின்சாரத்துக்காக வாங்கும் டோக்கன் எண்ணை எடுக்காது என்பது நாடு முழுவதற்கும் பொதுவான கெடு. இருபது இலக்கம் கொண்ட எண்கள் இரண்டை வரிசை மாறாமல் அடிக்க வேண்டும், அதன் பிறகுதான் காசு கொடுத்து வாங்கிய டோக்கன். கண் தெரிந்தவர்களுக்கே ஒரு இலக்கம் தவறும். உதவி செய்ய ஆள் வந்து ஒரு சனிக்கிழமை வார்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல ஏற்பாடுதான், யார் செய்திருந்தாலும் நன்றி. ஆனால் அவர் வருகிற சேதி குழுவில் மட்டும் போனது. நூலகப் பலகை அதற்கு முன்பே, சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று கழற்றப்பட்டிருந்தது. வெள்ளையடித்தார்கள், பலகை வரவில்லை. பலகையை மாட்டியிருந்த ஆணி நாலும் இன்னும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கின்றன, யார் புடவையாவது கிழிகிற உயரத்தில்.

கெடு முடிந்து சில நாளில் ஆயா வீட்டு மீட்டரில் இருந்த யூனிட் தீர்ந்தது. புது டோக்கனைப் போட்டால் ஏறவில்லை. கடையில் கொடுத்த நீளத் தாளில் மூன்று எண்கள் இருந்தன. கடைசி எண்தான் டோக்கன் என்று நினைத்து முதல் இரண்டையும் கிழித்துப் போட்டிருந்தார் பேத்தி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எது எதற்கு என்று யாராவது ஒரு தாளில் எழுதி வாசலில் சொருகியிருந்தால் இது நடந்திருக்காது.

இப்போது நான் வாட்ஸ்அப் குழுவிலிருந்து போன கதை. நகராட்சிகளுக்கு நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டத்தின் வரைவை அதற்குத் தொண்ணூறு நாளாவது முன்னால் சபையில் வைத்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். ரேட்ஸ் என்கிற சொத்து வரி எவ்வளவு ஏறும், தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு, நம் பக்கத்துச் சாலைக்கும் மண்டபத்துக்கும் காசு ஒதுக்கியிருக்கிறதா என்று கேட்க நமக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே காலம் அதுதான். நம் வார்டில் அதற்கான கூட்டத்தை முந்தின நாள் இரவு குழுவில் அறிவித்தீர்கள். வந்தவர்கள் முன்வரிசையைக்கூட நிரப்பவில்லை. வருகைப் பதிவேட்டில் வாங்கிய அந்தக் கையெழுத்துகளை வைத்து "மக்கள் கலந்தாலோசிக்கப்பட்டனர்" என்று மேலே அனுப்பியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மறுத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை.

நான் குழுவில் கேட்டது இவ்வளவுதான்: அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே கிடைக்கும், என்ன கருத்துகளை மேலே அனுப்பினீர்கள்? ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர், "அக்கா, இங்கே அரசியல் வேண்டாம்" என்றார். வார்டு குழுவில் அரசியல் வேண்டாமாம். அன்றைக்கே நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றினீர்கள். மறுநாள் என்னையும், எனக்கு ஆதரவாக எழுதிய மேல்தெருப் பெண் ஒருத்தியையும் நீக்கினீர்கள். காரணம் சொல்லவில்லை. இதில் எனக்குச் சொந்த வருத்தம் அதிகம் இல்லை. காலையில் எழுந்தால் பூப்படமும் "குட் மார்னிங்"கும் இல்லாமல் போன் அமைதியாக இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் கேள்வி கேட்டால் வெளியே தள்ள உங்களுக்கு அதிகாரம் இல்லாதபோது, குழுவில் மட்டும் அது எங்கிருந்து வந்தது?

ஒரு கணக்கையும் பாருங்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது. நம் வார்டில் பதிவு செய்த வாக்காளர்களே பல ஆயிரம். ஆக, எல்லாரும் புத்தம்புது போன் வாங்கி, தினமும் டேட்டா போட்டு, சேர ஆசைப்பட்டு வந்து நின்றாலும் உங்கள் குழுவில் இடம் இல்லை. அப்புறம், சேருகிற ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லார் கண்ணிலும் படுகிறது. தனியாக இருக்கிற பெண்கள் சிலர் சேராததற்கு அதுவே காரணம். ஒருத்திக்கு ராத்திரியில் யார் யாரோ அழைத்த பிறகு அவளாகவே விலகினாள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 2021 ஜூலையிலிருந்து முழுதாக அமலில் இருக்கிறது. பதிவேட்டில் எழுதிய எண்களை எடுத்து, கேட்காமலே குழுவில் சேர்ப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நோட்டீஸ் பழைய காலத்து வேலை, இப்போது எல்லாம் போனில்தான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். 2021 நவம்பர் 1ஆம் தேதி நகரசபைத் தேர்தல் வந்தபோது எங்கள் தெருவில் விளக்குக் கம்பம் ஒன்றைக்கூட எந்தக் கட்சியும் விட்டு வைக்கவில்லை. முகம் பெரிதாகப் போட்ட தாள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தபால் பெட்டியில் விழுந்தது. மேல்தெருவுக்கும் வந்தீர்கள், தகர வீடுகளுக்கும் ஏறி வந்தீர்கள், ஆயாவின் காலையும் தொட்டீர்கள். ஓட்டுக் கேட்கத் தாள் உதவுகிறது என்றால் டாங்கர் வருகிற நேரம் சொல்லவும் உதவும்.

செலவு என்பீர்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள் இந்த ஊரில் யாருக்காவது தெரியாமல் போயிருக்கிறதா? கோவிலுக்கு நகரசபை நிதி இல்லை. ஒரு பக்கத் தாள், கடை ஜன்னலில் ஒன்று, டாக்ஸி நிற்கிற இடத்தில் ஒன்று, கிளினிக்கில் ஒன்று, மிச்சத்தைப் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போட்டுவிடுகிறார்கள். வார்டுச் செய்தியும் அப்படிப் போகலாம். வெள்ளியும் சனியும் நம் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறி வாங்க வராத வீடு எது? வாசலில் ஒரு பலகை வைத்தால் நம் வார்டு மட்டும் இல்லை, அடுத்த வார்டும் படிக்கும். வாராவாரம் வீட்டு வாசலில் விழுகிற இலவசப் பத்திரிகைக்கு இரண்டு வரி அனுப்பினால் போடுவார்கள். அவர்களுக்கும் செய்தி வேண்டுமே. நம் இந்தியர்களுக்கான வானொலி லோட்டஸ் எஃப்எம்மை வீட்டில் காலையிலிருந்து அணைக்காமல் வைத்திருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! ஒரு வரி அறிவிப்பு கேட்டுப் பார்த்தீர்களா? நகரசபை மக்களுக்கு எதையாவது அறிவிக்க வேண்டுமானால் உள்ளூர்ப் பத்திரிகை, வானொலி என்று 2000ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டமே வழி சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், பெண்கள், பின்தங்கியவர்கள் ஆகியோரின் தேவையை நினைவில் வைத்தே மக்கள் பங்கேற்புக்கு வழி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் தீர்மானத்தில் விடுபட்டவர்களின் பட்டியலும் கிட்டத்தட்ட அதுவேதான்.

இவ்வளவு சூடாக ஏன் எழுதுகிறாள் என்று சிலர் நினைக்கலாம். என் தாத்தா மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். டர்பன் கார்ப்பரேஷன் தன் இந்தியத் தொழிலாளர்களுக்கு வைத்திருந்த குடியிருப்பு அது. தெருக்கூட்டுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள், பூங்காவில் புல் வெட்டுகிறவர்கள், பெரும்பாலும் நம் தமிழ், தெலுங்கு ஜனங்கள். தாத்தா ஆயுள் முழுக்க இந்த நகரத்தின் தெருவைக் கூட்டினார். ஆனால் நகரசபைக்கு ஓட்டுப் போட அவருக்கு உரிமை இல்லை. இந்தியர்கள் நகரசபை வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேர முடியாதபடி நேட்டாலில் 1924இலேயே கதவை அடைத்துவிட்டார்கள். 1960களில், குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் பேரக்ஸைக் காலி செய்து, வாழைத் தோட்டமாக இருந்த இந்த மேட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோதும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு லோக்கல் அஃபேர்ஸ் கமிட்டி என்று ஒன்றைக் கொடுத்தார்கள்: ஆலோசனை சொல்லலாம், முடிவு செய்ய முடியாது. என் அப்பா அதைப் பொம்மைக் கமிட்டி என்பார். இந்த மாகாணத்தில் எல்லாரும் சேர்ந்து முதல்முறை உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்டது 1996 ஜூன் 26. அப்போது நான் துணி ஃபாக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து, நூல் ஒட்டிய சட்டையோடே வரிசையில் நின்றேன். தாத்தா அதைப் பார்க்க இல்லை.

ஆகவே, யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்ற கேள்வி எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கேட்கிற கேள்வி. அன்று வெள்ளைக்காரச் சபை பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியாக வேண்டும். எங்களோடு ஒரே டாங்கரில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் நீங்கள்.

இனி நான் கேட்பவை.

நூலகச் சுவரில் அறிவிப்புப் பலகையை இந்த மாதத்துக்குள் திரும்ப மாட்டுங்கள். ஆணி தயாராகவே இருக்கிறது. அதே போலக் கிளினிக்கிலும் வார்டு அலுவலக வாசலிலும் ஒன்று வேண்டும். தகர வீடுகள் இருக்கிற பக்கம் தண்ணீர்க் குழாய் அருகே இன்னொன்று வையுங்கள், அதில் ஜூலுவில் எழுதுங்கள். அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் கட்டாயம் இருக்கட்டும். தமிழ்ப் படிக்கு உங்களுக்குச் செலவு வைக்க மாட்டேன், தாளை முந்தின நாள் கொடுத்தால் என் வகுப்புப் பிள்ளைகளே எழுதித் தருவார்கள். மேல்தெரு முழுக்க நோட்டீஸ் போடுவதும் எங்கள் பொறுப்பு.

வார்டுக் கூட்டம் எதுவானாலும் ஏழு நாள் முன்னால் தாளில் அறிவியுங்கள், என்ன பேசப்போகிறோம் என்பதோடு. கூட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் நடவடிக்கைக் குறிப்பின் ஒரு படி நூலக மேசையில் இருக்க வேண்டும். போன வரவுசெலவுக் கூட்டத்தின் குறிப்பையும், நம் வார்டின் பெயரில் மேலே அனுப்பிய கருத்துகளையும் முதலில் வையுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் படிவத்தை நிரப்பித்தான் கேட்க வேண்டும் என்றால் அதையும் செய்வேன், ஆனால் பக்கத்துத் தெருக்காரர்களிடம் படிவம் நீட்டுவது எனக்கே வெட்கமாக இருக்கும்.

கவுன்சிலர் அவர்களே, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மக்களிடம் வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்பது கவுன்சிலர்களுக்கான நடத்தை விதியிலேயே இருக்கிறது. இந்த வருஷத்தின் மீதிக் கூட்டங்களுக்குத் தேதியை இப்போதே போடுங்கள். அதில் ஒன்றையாவது மேல்தெருப் பக்கம் வையுங்கள். கோவில் மண்டபத்தை வாடகை இல்லாமல் தரக் கோவில் கமிட்டியிடம் பேசிவிட்டேன்.

சந்துக் கதவைப் பகலில் திறந்து வையுங்கள், நாளைக்கே. அதன் எதிர்காலத்தை இரண்டு தெருவும் தகர வீட்டுக்காரர்களும் சேர்ந்த ஒரு கூட்டத்தில் முடிவு செய்வோம். எந்த அனுமதியின் பேரில் கதவு வைக்கப்பட்டது என்ற தாளோடு அந்தக் கூட்டத்துக்கு வாருங்கள்.

வாட்ஸ்அப்பை மூடச் சொல்லவில்லை. அவசரத்துக்கு அதைவிட வேகமானது இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் பின்தொடரக்கூடிய, ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாத வாட்ஸ்அப் சேனலாக அதை மாற்றுங்கள். கேள்வி கேட்டதற்காக யாரையும் நீக்க மாட்டோம் என்று குழுவாகத் தீர்மானம் போடுங்கள். தண்ணீர் நிற்கிற நாட்களில் கோவில் பையன்களின் பக்கி வண்டிக்குப் பெட்ரோல் செலவை ஏற்க வழி பாருங்கள். வார்டுக்கு அதுகூட முடியாது என்றால் மேல்தெரு வசூல் செய்து கொடுக்கும், அதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள்.

முப்பது நாள் பொறுத்திருப்பேன். பதில் வராவிட்டால் இதே மடலைக் கோரிக்கை மனுவாக்கி, மேல்தெரு, கீழ்த்தெரு, தகர வீடுகள் என்று கையெழுத்து வாங்கி, நகரசபைச் சபாநாயகரின் அலுவலகத்தில் கொடுப்போம். கீழ்த்தெருவிலும் கையெழுத்துப் போடச் சிலர் இப்போதே கேட்டிருக்கிறார்கள்.

பதிலைப் போனில் அனுப்ப வேண்டாம். தாளில், தேதி போட்டு, எல்லாரும் படிக்கிற இடத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மேல்தெருவில் குடியிருக்கும் ஒரு தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்